மின்சிகரெட்டும் கல்லூரி மாணவர்களும்: தடைக்குப் பிறகு புதுக்கோட்டை செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் மின்சிகரெட் தடை செய்யப்படும் என்ற அறிவிப்பு 2018 ஜூன் மாதம் சட்டப்பேரவையில் வெளியானது. அறிவித்தவர் அப்போதைய மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் சி. விஜயபாஸ்கர். புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலைத் தொகுதியின் உறுப்பினர் அவர். அதே ஆண்டு செப்டம்பரில் தடை நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே நாடு முழுவதற்குமான சட்டமும் வந்தது. ஏட்டளவில் சிக்கல் அன்றே தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் ‘வேப்’ எனப்படும் மின்சிகரெட் என்றால் என்ன என்று கல்லூரி மாணவர்களுக்கு இன்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் கையிலிருக்கும் போனே அதைக் காட்டிவிடுகிறது.

தடை, எண்ணிக்கை, உடல்நலம், பிற நாடுகளின் அனுபவம் ஆகிய நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் இக்கட்டுரையின் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். தடை சரியானது, அதைத் தளர்த்தக் கூடாது. ஆனால் அது விற்பவரைக் குறிவைத்து எழுதப்பட்ட சட்டம். ஏற்கெனவே பழகிவிட்ட பத்தொன்பது வயது மாணவர் அதிலிருந்து வெளியே வர அந்தச் சட்டத்தில் வழி ஏதும் இல்லை. அந்த வழியை அமைப்பது கல்லூரிகளின் வேலை, மாவட்ட நலவாழ்வுத் துறையின் வேலை. புதுக்கோட்டைக்கு அதைச் செய்யும் வலுவும் உண்டு, செய்து பழகிய வரலாறும் உண்டு.

மாவட்டமும் மாணவர்களும்

1974 ஜனவரி 14 அன்று உருவான புதுக்கோட்டை மாவட்டம் உயர்கல்வியில் பழைமை உடையது. சமஸ்தானக் காலத்துப் பள்ளி 1880இல் கல்லூரியாக உயர்ந்து இன்று மாமன்னர் கல்லூரியாக நிற்கிறது. அரசு மகளிர் கலைக்கல்லூரி, குடுமியான்மலை வேளாண் கல்லூரி, 2017இல் வந்த அரசு மருத்துவக் கல்லூரி, 2023இல் திறக்கப்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரி, தனியார் பொறியியல் மற்றும் கலைக்கல்லூரிகள் என்று மாணவர் கூட்டம் பெருகியிருக்கிறது. கலை அறிவியல் கல்லூரிகள் திருச்சியிலுள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை.

இந்த மாணவர்களில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அறந்தாங்கி, ஆலங்குடி, கறம்பக்குடி, பொன்னமராவதிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தினமும் பேருந்தில் வந்து போகிறவர்கள் ஒரு பகுதி. திருச்சி, கோவை, சென்னை விடுதிகளில் தங்கிப் படித்துவிட்டு விடுமுறைக்கு ஊர் திரும்புகிறவர்கள் இன்னொரு பகுதி. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ உறவினர் இல்லாத தெரு இங்கே குறைவு. மின்சிகரெட்டைப் பற்றிப் பேசும்போது இம்மூன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். பெட்டிக்கடையில் வெளிப்படையாகத் தொங்காத ஒரு பொருள் கைக்கு வர இணையம், பெருநகரத்து நண்பர், வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டி ஆகியவைதான் வழிகள்.

கருவிக்குள் என்ன இருக்கிறது

இன்று உலகெங்கும் விற்கும் மின்சிகரெட்டின் முன்மாதிரியை 2003இல் உருவாக்கியவர் ஹோன் லிக் என்ற சீன மருந்தாளுநர். உள்ளே ஒரு மின்கலம், சூடேறும் கம்பிச்சுருள், ஒரு திரவம். திரவத்தின் பெரும்பகுதி புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும். அவற்றோடு நிகோடினும் மணப்பொருள்களும் கலந்திருக்கும். சுருள் சூடாகும்போது திரவம் நுண்துளிப் படலமாகி வெளியேறுகிறது. புகையிலை எரிவதில்லை. எனவே தார் இல்லை, சாம்பல் இல்லை, சட்டையில் நாற்றமும் ஒட்டாது. வீட்டிலும் விடுதியிலும் மறைத்துப் பயன்படுத்த முடிவது இதனால்தான்.

2015இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஜூல் என்ற கருவி ஆட்டத்தை மாற்றியது. அதுவரை இருந்த திரவங்களில் நிகோடின் கூடினால் தொண்டை எரியும். அந்த எரிச்சலே ஒரு வேலிபோல இருந்தது. பென்சாயிக் அமிலம் சேர்த்து நிகோடினை உப்பு வடிவத்துக்கு மாற்றியதும் எரிச்சல் குறைந்தது, அதிக நிகோடினை இழுப்பது எளிதாயிற்று. 0.7 மில்லிலிட்டர் கொண்ட ஒரு சிறு குப்பியில் ஏறத்தாழ 40 மில்லிகிராம் நிகோடின் இருந்தது. அந்நிறுவனமே அதை ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு இணை என்று சொன்னது. முதன்முதலில் சிகரெட் பிடிப்பவர் இருமி நிறுத்திவிடக்கூடும். மாம்பழ மணத்தோடு வரும் நிகோடின் உப்பு அந்த இருமலையும் தருவதில்லை. புதியவர்களை, அதிலும் இளைஞர்களை, இந்தக் கருவி இவ்வளவு விரைவாகப் பிடித்ததன் வேதியியல் காரணம் இதுதான்.

சட்டம் வந்த வழி

2018 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் மின்சிகரெட்டை அனுமதிக்க வேண்டாம் என்று அறிவுரை அனுப்பியது. 2019 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முழுத் தடையைப் பரிந்துரைத்து வெள்ளை அறிக்கை வெளியிட்டது. செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம் வந்தது. டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது.

சட்டத்தின் வீச்சு பெரிது. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் மூன்றாண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும். இருப்பு வைத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நிகோடின் இல்லாத கருவியும் இந்த வரையறைக்குள் அடங்கும். ‘இதில் நிகோடின் கிடையாது, வெறும் ஃபிளேவர்தான்’ என்று சொல்லித் தப்ப முடியாது.

ஒன்றை மட்டும் சட்டம் தொடவில்லை. புகைப்பதற்கென்று அது தனித் தண்டனை எழுதவில்லை. அடிமைப்பட்டவரைக் குற்றவாளியாக்காத இந்த அணுகுமுறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் தண்டனையும் இல்லாமல், சிகிச்சை பற்றிய ஒரு வரியும் இல்லாமல், பயன்படுத்துபவர் சட்டத்தின் பார்வையிலிருந்தே விலகி நிற்கிறார். தடைக்குப் பிறகும் விற்பனை தொடர்வதை அரசு அறிந்தே இருக்கிறது. 2023இல் சட்டத்தைக் கடுமையாக நடைமுறைப்படுத்தும்படி பொது அறிவிப்பு கொடுத்ததும், மீறல்களைப் பொதுமக்கள் தெரிவிக்க இணையதளம் திறந்ததும் அதற்குச் சான்று.

தடை செய்தால் பொருள் மறைந்துவிடாது என்பது தமிழ்நாட்டுக்குப் புதிய பாடமும் இல்லை. குட்காவுக்கும் புகையிலை கலந்த பான் மசாலாவுக்கும் இங்கே 2013 மே மாதம் முதல் தடை இருக்கிறது. பதினோரு ஆண்டு கழித்து, 2024 செப்டம்பரில், பள்ளி மாணவர்களிடையே ‘கூல் லிப்’ என்ற புகையிலைப் பொட்டலப் பழக்கம் பரவுவதைக் கண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கவலை தெரிவித்தது. அதை நாடு முழுவதும் ஏன் தடை செய்யக் கூடாது என்றும் கேட்டது. புதுக்கோட்டை அந்த அமர்வின் எல்லைக்குள் வரும் மாவட்டம். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வைக்கும் சிறு பொட்டலமும் சட்டைப் பைக்குள் அடங்கும் வேப் பேனாவும் ஒரே இடத்தில் கூடுகின்றன. இரண்டும் ஆசிரியர் கண்ணிலும் பெற்றோர் கண்ணிலும் படாத நிகோடின்.

எண்கள் எங்கே தவறவிடுகின்றன

2016–17இல் நடந்த உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் 20 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தினர். முந்தைய கணக்கெடுப்பில் அது 16.2 ஆக இருந்தது. நாட்டின் சராசரி குறைந்துவந்த காலத்தில் நம் மாநிலத்தில் கூடியது கவனிக்க வேண்டிய செய்தி. அதே கணக்கெடுப்பில், இந்தியா முழுவதும் மின்சிகரெட் பயன்படுத்தியவர்கள் 0.02 விழுக்காடு மட்டுமே. பெயரைக் கேள்விப்பட்டவர்களே 3 விழுக்காடுதான்.

2019இல் 13 முதல் 15 வயது மாணவர்களிடம் நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில் 8.5 விழுக்காட்டினர் புகையிலை பயன்படுத்தினர். மின்சிகரெட்டை ஒருமுறையாவது தொட்டவர்கள் 2.8 விழுக்காடு. தடைக்குப் பிறகு ஜார்ஜ் உலக நலவாழ்வு நிறுவனம் 15 முதல் 30 வயதுக்குட்பட்ட, பெரும்பாலும் படித்த, 840 இந்திய இளைஞர்களிடம் இணையவழியில் கேட்டபோது 23 விழுக்காட்டினர் அதைப் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள்.

இந்த எண்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்து ‘0.02 விழுக்காடு 23 ஆகிவிட்டது’ என்று அலறுவது தவறு. முதலாவது 15 வயதுக்கு மேற்பட்ட எல்லா வயதினரையும் வீடு வீடாகச் சென்று கேட்டது. கடைசியாகச் சொன்னது இணையத்தில் புழங்கும் இளைஞர்களை மட்டும் கேட்டது, அதுவும் வாழ்நாளில் ஒருமுறை இழுத்தவரையும் சேர்த்து எண்ணியது. இரண்டையும் சேர்த்து வைத்து ஒன்றைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்: பழக்கம் இருக்குமிடம் மொத்த மக்கள்தொகை அல்ல, படித்த இளையோர் வட்டம்.

இடைவெளியும் அங்கேதான் இருக்கிறது. இளையோர் கணக்கெடுப்பு 15 வயதோடு நின்றுவிடுகிறது. வயதுவந்தோர் கணக்கெடுப்பு மாநில அளவோடு நின்றுவிடுகிறது. 18 முதல் 23 வயதில், ஒரு குறிப்பிட்ட மாவட்டத்தில், கல்லூரியில் படிக்கிறவர் இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடுகிறார். தில்லியிலிருந்து புதுக்கோட்டைக்கென்று ஓர் எண் வந்து சேரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. மாவட்டமே கேட்டு அறிய வேண்டியதுதான்.

ஏன் இழுக்கிறார்கள்

பல நாடுகளின் ஆய்வுகள் ஒரே மாதிரியான காரணங்களைத் தருகின்றன: ஆவல், நண்பர் நீட்டியது, பிடித்த மணம், சிகரெட்டைவிடக் கெடுதல் குறைவு என்ற நம்பிக்கை, மன அழுத்தம். நம் கல்லூரிச் சூழலில் இவற்றுக்குத் தனி வடிவம் உண்டு. டீக்கடை ஓரத்தில் தம் அடிப்பவனை ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவார், செய்தி மாலைக்குள் வீட்டுக்குப் போய்விடும். மணக்கும் ஆவியை விடும் கருவியில் அந்தப் பயம் இல்லை. சில்லறையாக ஒரு சிகரெட் வாங்குவதை ஒப்பிட்டால் இது விலை கூடிய பொருள். எனவே வசதியானவன் கையில் இருப்பதன் மதிப்பும் அதற்குச் சேர்ந்துகொள்கிறது. கிராமத்திலிருந்து வந்து நகரத்து நடையுடை பாவனையோடு போட்டி போட வேண்டிய முதலாமாண்டு மாணவனுக்கு, நட்புக்கூட்டம் நீட்டும் ஓர் இழுப்பை மறுப்பது சின்ன விஷயம் அல்ல.

இதைப் புரிந்துகொள்ளாமல் ‘ஒழுக்கக் கேடு’ என்று மட்டும் பேசும் கல்லூரிக் கூட்டங்கள் மாணவர் காதில் ஏறுவதில்லை. முதல் இழுப்புக்குக் காரணம் நட்பும் ஆவலும். ஐம்பதாவது இழுப்புக்குக் காரணம் நிகோடின். இரண்டுக்கும் வேறு வேறு பதில் தேவை.

தீங்கு: உறுதியானதும் விவாதத்தில் உள்ளதும்

நிகோடின் அடிமைப்படுத்தும் என்பதில் ஐயமில்லை. மூளையின் முன்பகுதி, அதாவது அவசரத்தை அடக்கி முடிவெடுக்கும் பகுதி, ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வயதில் பழகும் நிகோடின் கவனத்தையும் கற்றலையும் பாதிக்கிறது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன. ஆவியில் ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற சேர்மங்களும், கம்பிச்சுருளிலிருந்து கழன்றுவரும் நிக்கல், குரோமியம், ஈயம் போன்ற உலோகங்களும் காணப்பட்டிருக்கின்றன. கள்ளச் சந்தையில் வரும் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு அட்டையில் அச்சிட்டிருப்பது உத்தரவாதம் ஆகாது.

அது எவ்வளவு ஆபத்தானது என்பதை அமெரிக்கா 2019இல் கண்டது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் கடும் நுரையீரல் பாதிப்பால் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது உயிரிழந்தார்கள். அவர்களில் 68 பேர் இறந்தவர்கள். கஞ்சாவின் போதைச்சத்து கலந்த, பெரும்பாலும் முறைசாரா வழியில் வாங்கிய குப்பிகளில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட் முதன்மைக் காரணமாகக் கண்டறியப்பட்டது. வழக்கமான நிகோடின் திரவம் அந்தச் சாவுகளுக்குக் காரணம் என்று சொல்வது சரியாகாது. ஆனால் தடை உள்ள நாட்டில் எல்லாக் குப்பியும் முறைசாரா வழியில் வருபவையே என்பதால் அந்தப் பாடம் நமக்கு நேராகவே பொருந்துகிறது.

விவாதத்தில் உள்ளவை இரண்டு. முதலாவது, மின்சிகரெட் சிகரெட்டுக்கு வாசலா என்பது. 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 17,389 இளையோரைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மின்சிகரெட் பயன்படுத்தியவர்களில் 30.4 விழுக்காட்டினரும், பயன்படுத்தாதவர்களில் 7.9 விழுக்காட்டினரும் பின்னர் சிகரெட்டைத் தொடங்கியிருந்தனர். மறுபக்கம், அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் மின்சிகரெட் உச்சத்தில் இருந்த ஆண்டுகளிலும் சிகரெட் பழக்கம் சரிந்துகொண்டே வந்தது. 2024இல் அது 1.7 விழுக்காடு. இந்தப் பழக்கத்தை நாடும் இயல்புடையவர்களே அந்தப் பழக்கத்தையும் நாடுகிறார்கள் என்று சிலர் வாதிடுவது இதனால்தான்.

இரண்டாவது, புகைப்பவர் சிகரெட்டை விட இது உதவுமா என்பது. பிரிட்டனில் 886 பேரிடம் நடந்து 2019இல் வெளியான சோதனையில், ஓராண்டு முடிவில் மின்சிகரெட் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினரும், நிகோடின் பட்டை, சூயிங்கம் போன்றவை பெற்றவர்களில் 9.9 விழுக்காட்டினரும் சிகரெட்டை விட்டிருந்தனர். ஆனால் மின்சிகரெட்டால் விட்டவர்களில் 80 விழுக்காட்டினர் அப்போதும் மின்சிகரெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது வயதில் தினம் இரண்டு பாக்கெட் புகைப்பவருக்கு இது சிறு தீமையாக இருக்கலாம். புகைக்கவே தொடங்காத மாணவனுக்கு இந்தக் கணக்கில் லாபம் என்று எதுவும் இல்லை. முந்தையவருக்கான ஆய்வை எடுத்துப் பிந்தையவனிடம் விற்பதுதான் இந்த வணிகத்தின் சூது.

மற்ற நாடுகள் காட்டுவது

உலக நலவாழ்வு அமைப்பு 2025 அக்டோபரில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் மின்சிகரெட் பயன்படுத்துகின்றனர். 13 முதல் 15 வயதினரே குறைந்தது 1.5 கோடி. அனுமதித்து ஒழுங்குபடுத்திய நாடுகளும் பின்வாங்கிவருகின்றன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவிகளைப் பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் தடை செய்தது. ஆஸ்திரேலியா 2024இல் விற்பனையை மருந்தகங்களுக்குள் சுருக்கியது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 2019இல் 27.5 விழுக்காடாக இருந்த பயன்பாடு 2024இல் 7.8 ஆகக் குறைந்தது. இளையோர் பழக்கத்தை இறக்க முடியும் என்பதற்கு அது நல்ல சான்று.

புதுக்கோட்டைக் குடும்பங்கள் நேரடியாக அறிந்திருக்க வேண்டியது சிங்கப்பூரின் சட்டம். அங்கே 2018 முதல் வாங்குவதும் வைத்திருப்பதும் புகைப்பதும்கூடக் குற்றம். எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தைக் குப்பியில் கலந்து விற்பது பரவியதால், 2025 செப்டம்பர் 1 முதல் அதைப் போதைப்பொருளாக வகைப்படுத்தித் தண்டனைகளையும் கூட்டினார்கள். திரும்பத் திரும்பப் பிடிபடும் வெளிநாட்டவர் வேலை அனுமதியையே இழக்க நேரிடும். படிப்பை முடித்துச் சிங்கப்பூர் வேலைக்குப் போகக் காத்திருக்கும் மாணவரிடம் நுரையீரலைப் பற்றிப் பேசுவதோடு இதையும் சொல்ல வேண்டும்.

இங்கே செய்யக்கூடியவை

முதல் தேவை, கணக்கு. மருத்துவக் கல்லூரியிலும் பல் மருத்துவக் கல்லூரியிலும் சமூக மருத்துவம் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். பெயர் கேட்காத, ஒரு பக்க வினாத்தாளை மாவட்டத்தின் எல்லாக் கல்லூரிகளிலும் ஆண்டுக்கு ஒருமுறை நிரப்பச் செய்வது பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல. மின்சிகரெட், சிகரெட், கூல் லிப் மூன்றையும் அதில் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் கேட்டால் மாணவர் ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது தெரியாமல் போகும்.

இரண்டாவது, தண்டனை இல்லாத கதவு. விடுதியில் கருவியோடு பிடிபட்ட மாணவனுக்கு சஸ்பெண்ட், பெற்றோரை அழைத்து அவமானம், கடைசியில் டி.சி. என்று போகும் நடைமுறை, மற்றவர்களை இன்னும் ஆழமாக மறைக்கவே பழக்கும். கல்லூரியில் ஒரு பேராசிரியரும் ஒரு மூத்த மாணவரும் ஆலோசகராகப் பயிற்சி பெற்றிருந்து, தானாக வந்து சொல்கிறவர் மீது நடவடிக்கை கிடையாது என்று எழுத்தில் அறிவித்தால் வருவார்கள். விற்பவன் விஷயம் வேறு. சக மாணவனே ஆனாலும் அவனைச் சட்டத்திடம் ஒப்படைக்கத் தயங்கக் கூடாது.

மூன்றாவது, சிகிச்சை. விடும்போது வரும் எரிச்சலும் தூக்கமின்மையும் கவனச் சிதறலும் முதல் வாரத்தில் உச்சத்தில் இருந்து, பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். இதை முன்பே அறிந்தவர் தாங்கிக்கொள்கிறார். அறியாதவர் தேர்வு நேரத்தில் மறுபடி கையில் எடுத்துவிடுகிறார். புகையிலையை விட உதவும் தேசியத் தொலைபேசி எண் 1800-11-2356. பெங்களூரு நிம்ஹான்ஸ் மையத்தின் வழியே தமிழிலும் பேசலாம். பல் மருத்துவக் கல்லூரிகளில் புகையிலை மீட்பு மையம் நடத்த மத்திய அரசின் வழிகாட்டுதல் 2018 முதலே உள்ளது. புதுக்கோட்டையில் அந்தக் கல்லூரி வந்துவிட்ட பிறகு, மையத்துக்கு வேறு இடம் தேட வேண்டியதில்லை.

போன் வழியாகவே உதவ முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் 18 முதல் 24 வயதுக்குட்பட்ட 2,588 பேரிடம் நடந்து 2021இல் வெளியான சோதனையில், விடுவதற்கு ஊக்கமும் யோசனையும் தரும் குறுஞ்செய்திகள் பெற்றவர்களில் 24.1 விழுக்காட்டினர் ஏழு மாதம் கழித்து மின்சிகரெட்டை விட்டிருந்தனர். பெறாதவர்களில் அது 18.6. வேறுபாடு சிறிதுதான். ஆனால் யாருக்கும் தெரியாமல், பெயர் வெளிவராமல் கிடைத்த உதவி அது. புதுக்கோட்டை நடுத்தெருவில் ஆலோசனை மையத்துப் படியேறத் தயங்கும் மாணவருக்கும், அதைவிடக் கூடுதலாகத் தயங்கும் மாணவிக்கும், தமிழில் இப்படி ஒரு குறுஞ்செய்திச் சேவை உடனடித் தேவை.

நான்காவது, கடை. கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். அதைக் கல்லூரி வாசலில் காப்பாற்றாத ஊரில் மின்சிகரெட் தடையை மாணவர் எப்படி மதிப்பார்? வேப் கிடைக்காதபோது அவர் கை நீளுவது அந்தக் கடைக்குத்தான்.

முடிவுரை

இவற்றுக்கெல்லாம் ஆள் எங்கே என்ற கேள்விக்குப் புதுக்கோட்டை முன்பே பதில் சொல்லியிருக்கிறது. 1991இல் இங்கே தொடங்கிய அறிவொளி இயக்கம் அரசாணையின் வலுவில் மட்டும் நடக்கவில்லை. சம்பளம் வாங்காத தொண்டர்கள் மாலை நேரத்தில் ஊர் ஊராகப் போய் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். ஒரு பழக்கத்தை மக்களே ஒருவருக்கொருவர் கற்பிக்க முடியும் என்றால், ஒரு பழக்கத்தை விடவும் கற்பிக்க முடியும். மாணவர்தான் மாணவரை முதல் இழுப்புக்கு அழைக்கிறார். அதிலிருந்து வெளியே அழைத்துவரவும் மாணவரே தகுந்தவர். நாட்டு நலப்பணித் திட்டமும் போதை எதிர்ப்பு மன்றங்களும் ஆண்டுக்கொரு பேரணியோடு நிற்காமல் இந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்து, ஆண்கள் மட்டுமே படித்த மாமன்னர் கல்லூரியில் எதிர்ப்பைத் தாண்டிச் சேர்ந்த மாணவி முத்துலட்சுமி. மருத்துவராகி, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியவர் அவர். புகையிலையை விட உதவும் மையங்களை நாட்டில் முதன்முதலாக 2002இல் தொடங்கிய இடங்களில் அந்த மருத்துவமனையும் ஒன்று. நோய் வந்த பிறகு பார்ப்பதோடு நிற்காமல், வருவதற்கு முன்பே மனிதரை மீட்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. அவர் படித்த ஊரின் கல்லூரிகள் இன்று தங்கள் மாணவர்களுக்குச் செய்ய வேண்டியதும் அதுவே. சட்டம் தன் பங்கைப் பெருமளவு செய்துவிட்டது. வரும் கல்வியாண்டில் மாவட்டத்தின் ஒவ்வொரு கல்லூரியும் பெயர் கேட்காத ஒரு கணக்கையும் தண்டனை இல்லாத ஓர் ஆலோசனை அறையையும் தொடங்கினால், மீதிப் பங்கு இங்கிருந்தே தொடங்கிவிடும்.